பேசறதுக்கும் காசா?

"பேசறதுக்கெல்லாம் காசு வாங்கறாங்களாமே?"

கவுன்சிலிங், தெரபி என்ற வார்த்தையை எங்கே எடுத்தாலும் முதல்ல வந்து விழற கேள்வி இதுதான். கல்யாண வீடு, ஆபீஸ் கேண்டீன், குடும்ப வாட்ஸப் குரூப், தெருமுனை டீக்கடை.. இடம் மாறும், கேள்வி மாறாது. கேக்கறவங்க யாரும் கெட்டவங்க இல்லை. பல் பிடுங்க ஆயிரக்கணக்குல கொடுத்துட்டு வந்து, கன்னத்தைப் பிடிச்சிக்கிட்டே இதைக் கேக்கறவங்களும் உண்டு. பிடுங்கின பல்லை கையில காட்டிடலாம். மனசை அப்படிக் காட்ட முடியாதே. அதான் பிரச்சினை.

ரொம்ப நாளா இதைப் பத்தி எழுதணும்னு இருந்தேன். நான் டாக்டரும் இல்லை, சைக்காலஜி படிச்சவனும் இல்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். அதனால இதையும் கணக்காத்தான் பார்க்கத் தெரியுது. எவ்வளவு கொடுக்கறாங்க, எதுக்குக் கொடுக்கறாங்க, யார் பையிலிருந்து போகுது, எப்போ நிக்குது. இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் மொத்தப் பதிவுமே. கொஞ்சம் பொறுமையா வாங்க.

முதல்ல விலை. சென்னையில தனியார்கிட்ட போனா ஒரு செஷனுக்கு, அதாவது 45 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு, 800 ரூபாயும் கேக்கறாங்க, 3,000 ரூபாயும் கேக்கறாங்க. நடுவுல 1,500ன்னு வச்சுக்குவோம், நான் விசாரிச்ச இடங்கள்ல அதுதான் அதிகம் காதுல விழுந்தது. வாரத்துக்கு ஒரு தடவை. மாசம் 6,000. இதைப் படிக்கிற சில பேருக்கு அது ஒரு ஞாயித்துக்கிழமை மால் செலவு. சில பேருக்கு அது வீட்டு வாடகை.

என் சித்தி பையன் ரெண்டாவது ரகம். பேர் வேண்டாம், தம்பின்னே சொல்றேன். (அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன்.) அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில வேலை, கைக்கு வர்றது 28,000. போன வருஷம் ஒருநாள் பஸ்ல நின்னுக்கிட்டு இருக்கும்போது திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சு, கை மரத்துப்போய், செத்தே போயிடுவோம்னு ஒரு பயம் வந்திருக்கு. ஹார்ட் அட்டாக்னு நினைச்சு இறங்கி ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கான். ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில், ரத்த டெஸ்ட்.. எல்லாம் நார்மல். அடுத்த மாசம் மறுபடியும். மறுபடியும் அதே டெஸ்டுகள். ரெண்டு தடவையும் சேர்த்து 11,000 ரூபாய் ஆச்சு. வீட்டுல ஒருத்தர் கூட ஏன் இவ்வளவுன்னு கேக்கலை. நெஞ்சுன்னா சும்மாவா?

கடைசியில ஒரு நல்ல டாக்டர், உனக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லை, இது பேனிக் அட்டாக், மனநல டாக்டரைப் பாருன்னு அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே மாத்திரை கொடுத்தாங்க. இலவசம்தான், மரியாதையாவும் நடத்தினாங்க. ஆனா மாத்திரை பாதி வேலைதான் செய்யும், பயத்தைச் சமாளிக்கப் பயிற்சி எடுத்துக்கணும், அதுக்கு சைக்காலஜிஸ்ட் வேணும்னு சொல்லியிருக்காங்க. அங்கே இருந்தது ஒரே ஒரு சைக்காலஜிஸ்ட். அவங்க அறை வாசல்ல நின்ன கூட்டத்தைப் பாத்துட்டு, வேலை நாள்ல லீவு போட்டுட்டு இங்கே வந்து காத்துக்கிட்டு இருக்க முடியாதுன்னு தம்பி தனியார்கிட்ட போனான். 1,500 ரூபாய்.

இதைக் கேட்டுட்டு எங்க சித்தி சொன்னது வரலாற்றுல பொறிக்கப்பட வேண்டியது. "ஒரு மணி நேரம் பேசறதுக்கு ஆயிரத்தி ஐநூறாடா? என்கிட்ட பேசச் சொல்லுடா அவனை. ஓசியிலேயே நான் ராத்திரி பூரா பேசறேனே!"

சிரிச்சாச்சா? சரி. ஆனா சித்தி கேட்டது நியாயமான கேள்வி. அன்பா பேச ஆள் இருக்கும்போது எதுக்கு ஒரு அந்நியருக்குக் காசு? இதுக்கு நம்ம ஆளுங்க சாதாரணமா சொல்ற பதில், "அவங்க படிச்சவங்க" என்பது. அது பதில் இல்லை. என்ன படிச்சாங்க, படிச்சதை வச்சு அந்த ஒரு மணி நேரத்துல என்ன செய்யறாங்கன்னு சொல்லணும்.

தம்பி விஷயத்தையே எடுத்துக்கலாம். பஸ்ல பயம் வந்துச்சு. அதனால பஸ்ஸை விட்டுட்டான். ஷேர் ஆட்டோ, அதுவும் பயமாச்சு. அப்புறம் சினேகிதன் பைக். சித்தி என்ன சொல்லுவாங்க? "பஸ்ல போகாதடா கண்ணா, ஆட்டோவுல போ, நான் காசு தரேன்." இதுதான் அன்பு. ஆனா பேனிக் கோளாறுக்கு இந்த அன்பு எண்ணெய் ஊத்தற மாதிரி. பஸ்ஸைத் தவிர்க்கத் தவிர்க்க, "பஸ்ல போகாததால தப்பிச்சேன்"னு மூளை கணக்கு எழுதி வச்சுக்கும். பயம் இன்னும் கொழுக்கும். அந்த சைக்காலஜிஸ்ட் செஞ்சது நேர் எதிர். முதல்ல, நெஞ்சு படபடப்பு எப்படி வருது, அது ஏன் உயிரை எடுக்காதுன்னு படம் போட்டு விளக்கியிருக்காங்க. அப்புறம் அந்த அறையிலேயே வேகவேகமா மூச்சு வாங்கச் சொல்லி, அதே படபடப்பை வேணும்னே வரவழைச்சு, அது தானா அடங்கறதைப் பாக்க வச்சிருக்காங்க. அப்புறம் வீட்டுப்பாடம். ஒரு ஸ்டாப் மட்டும் பஸ்ல போ. பயம் எத்தனை மார்க்னு நோட்டுல எழுது. பத்துக்கு எட்டு வந்தாலும் இறங்காதே. அடுத்த வாரம் ரெண்டு ஸ்டாப்.

இதை சித்தியால செய்ய முடியுமா? பெத்த பிள்ளை மூச்சுத் திணறும்போது "இறங்காதே"ன்னு எந்தத் தாய் சொல்லுவா? அந்தக் காசு பேச்சுக்கு இல்லைங்க. நம்மகிட்ட எந்த உறவும், எந்த எதிர்பார்ப்பும் இல்லாத ஒருத்தர், வலிக்கிற வேலையை அளவு பார்த்து செய்ய வைக்கிறதுக்கு. பிசியோதெரபிஸ்ட் முட்டியை மடக்கும்போது நாம கத்தறோம், ஆனாலும் காசு கொடுத்துட்டு வரோம் இல்லையா?

சரி, அப்போ அந்த 1,500 கொள்ளையா இல்லையா? எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்காங்க. அவங்க வரவு செலவு கணக்கைப் பாக்கறதே நான்தான். (பேரைச் சொல்லாம எழுதிக்கோன்னு அனுமதி கொடுத்தாங்க.) ஒரு நாளைக்கு நாலு பேருக்கு மேல பாக்கறதில்லை. அஞ்சாவது ஆள் வந்தா அவர் சொல்றது என் காதுல விழும், மண்டைக்குள்ள போகாதுன்னு சொல்லுவாங்க. நாலு பேர், 22 நாள், 1,500 ரூபாய்.. பெருக்கினா 1,32,000. ஆஹா, ஒரு லட்சத்துக்கு மேல! ஆனா அது எல்லாரும் தவறாம வந்தா. கடைசி நிமிஷத்துல "மேடம் இன்னிக்கு வர முடியலை"ன்னு மெசேஜ் போடறவங்க வாரத்துக்கு ரெண்டு மூணு பேர். அறை வாடகை. வெப்சைட் வழியா வர்ற ஆளுங்களுக்கு அந்தக் கம்பெனி எடுத்துக்கற பங்கு. ஒவ்வொரு செஷனுக்கும் பின்னாடி குறிப்பெழுத அரை மணி நேரம், அதுக்கு யாரும் காசு தர்றதில்லை. கஷ்டமான கேஸ்களை தன்னைவிட மூத்தவர்கிட்ட கொண்டு போய்க் கேக்கணும், அதுக்கு இவங்க ஃபீஸ் கட்டணும். பி.எஃப். கிடையாது, சம்பளத்தோட லீவு கிடையாது. இதுக்கு முன்னாடி பட்டப்படிப்பு 3 வருஷம், எம்.ஏ. 2 வருஷம், கிளினிக்கல் சைக்காலஜில எம்.ஃபில். 2 வருஷம்னு ஏழு வருஷப் படிப்பு. எல்லாம் கழிச்சா பாதி கையில நின்னாலே பெரிசு. அவங்க கொள்ளைக்காரங்க இல்லை, இது கணக்கு சொல்லுது.

அப்போ தம்பி பக்கத்துக் கணக்கு? 28,000ல 6,000. சம்பளத்துல அஞ்சுல ஒரு பங்குக்கும் மேல. இந்த மாதிரி பயிற்சிக்கு சாதாரணமா எட்டுலேர்ந்து பதினாறு செஷன் வரைக்கும் ஆகும்னு சொல்றாங்க. குறைஞ்சபட்சம் 12,000, அதிகம் போனா 24,000. கேக்கறவர் கேக்கறதும் நியாயம், கொடுக்கறவரால கொடுக்க முடியலைன்னு சொல்றதும் நியாயம். ரெண்டு நியாயம் நேருக்கு நேர் நின்னா என்ன ஆகும்?

மூணாவது செஷனோட தம்பி நிறுத்திட்டான்.

குணமாகி இல்லை. மூணு ஸ்டாப் வரைக்கும் பஸ்ல போக ஆரம்பிச்சிருந்தான், அவ்வளவுதான். மாசக் கடைசி, வாடகை, சித்தப்பாவோட சுகர் மாத்திரை, இன்னும் ரெண்டு செலவு. சைக்காலஜிஸ்ட்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? "இப்போ பரவாயில்லை மேடம், தேவைப்பட்டா கூப்பிடறேன்." காசு இல்லைன்னு சொல்ல வெக்கம். அந்தம்மாவும் சந்தோஷமா வாழ்த்தி அனுப்பியிருப்பாங்க. அவங்க நோட்டுல இவன் முன்னேற்றம் கண்ட கேஸ். இவன் மறுபடியும் பைக் பின்சீட்டுல.

நான் சொல்ல வர்றது இதைத்தான். தனியார் தெரபியில வியாதி எப்போ முடியணுமோ அப்போ சிகிச்சை முடியறதில்லை, பர்ஸ் எப்போ முடியுதோ அப்போ முடியுது. முடிஞ்சது வெளியிலும் தெரியறதில்லை, ஏன்னா நம்ம ஊர் மரியாதை "பரவாயில்லை மேடம்"னு ஒரு பொய்யைப் போட்டு அதை மூடிடுது. ஆன்டிபயாடிக்கை மூணு நாள்ல நிறுத்தாதேன்னு எல்லா டாக்டரும் தலையில அடிச்சுக்கிட்டு சொல்றாங்க. இங்கே அதையே மூணு வாரத்துல செய்யறோம், கேக்க ஆளில்லை.

இடையில ஒரு சின்ன விஷயம். தம்பி தெரபியை நிறுத்தின அதே மாசம் வீட்டுல ஒரு பரிகாரம் பண்ணினாங்க. வேன் வாடகை, பூஜை சாமான், தட்சணை எல்லாமா 9,000. ஆறு செஷன் காசு. நான் கோயிலைக் குறை சொல்லலை சாமி, நானும் வேன்ல போனவன்தான், புளியோதரை பிரமாதம். சாமிகிட்ட போறப்போ குடும்பமே கூட வந்துச்சு, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டாங்க, அவன் தனியா இல்லைன்னு அவனுக்கும் ஒரு தெம்பு. தெரபிக்கு மட்டும் அவன் தனியா, யாருக்கும் தெரியாம, தன் ஜிபேயிலிருந்து அனுப்பறான். பணம் இல்லாத வீடு இல்லை அது. அந்தச் செலவுக்கு வீட்டுல ஒரு தலைப்பு இல்லை, அவ்வளவுதான். கல்யாணம், மருத்துவம், கோயில், படிப்பு.. இந்த நாலுல எதுல எழுதறதுன்னு தெரியலை. மருத்துவத்துல எழுதணும்னு நான் சொல்றேன்.

மருத்துவம்னா அடுத்து வர்ற வார்த்தை இன்ஷூரன்ஸ். இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கு. 2017ல மனநலப் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு வந்து, 2018ல அமலுக்கு வந்துச்சு. அதுல 21வது பிரிவு, நாலாவது உட்பிரிவு. உடம்பு வியாதிக்கு எந்த அடிப்படையில காப்பீடு தர்றீங்களோ அதே அடிப்படையில மனசு வியாதிக்கும் தரணும்னு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குச் சொல்லுது. 2018 ஆகஸ்ட்ல காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் சுற்றறிக்கை விட்டுச்சு. படிச்சா புல்லரிக்கும். ஆனா "அதே அடிப்படை"ன்னா என்ன? நம்ம ஊர் மெடிக்கல் பாலிசி பெரும்பாலும் ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனாத்தான் காசு தரும். ஓ.பி.க்குத் தராது. சுகர்காரர் மாசாமாசம் போடற மாத்திரைக்கும் தர்றதில்லை, தம்பியோட செஷனுக்கும் தர்றதில்லை. ஆக, சட்டப்படி சமத்துவம் வந்தாச்சு. ரெண்டு பேருக்கும் சமமா பட்டை நாமம்!

ஆனா மனசு விஷயத்துல இந்த சமத்துவம் அடிக்கிற அடி பெரிசு. எலும்பு முறிவுன்னா பெரிய செலவு ஆஸ்பத்திரிக்குள்ள நடக்கும், காப்பீடு தாங்கும். தம்பி மாதிரி ஆளுங்களுக்கு மொத்த சிகிச்சையுமே ஓ.பி.தான். அட்மிட் ஆகற நிலைமை வராம இருக்கறதுக்குத்தானே அந்த செஷனே? அட்மிட் ஆகற அளவுக்கு முத்தட்டும், அப்புறம் வா, தரேன்னு சொல்றது என்ன வைத்தியம்? ஓ.பி. செலவையும் சேர்த்துத் தர்ற பாலிசிகள் இருக்கு, பிரீமியம் கூட. வாங்கறதுக்கு முன்னாடி அதுல சைக்காலஜிஸ்ட் ஃபீஸும் உண்டா, இல்லை டாக்டர் ஃபீஸ் மட்டும்தானான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நல்ல திட்டம், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் உண்டு, எத்தனையோ குடும்பத்தைக் கடன்லேர்ந்து காப்பாத்தியிருக்கு. ஆனா அதுவும் முக்கியமா ஆஸ்பத்திரிக்குள்ள நடக்கற வைத்தியத்துக்குத்தான்.

ஐ.டி. கம்பெனிகள்ல வேலை பாக்கறவங்களுக்கு கம்பெனியே வெளியாள் வச்சு சில செஷன் இலவசமா தர்றது உண்டு. என் சினேகிதர் ஒருத்தர்கிட்ட "போனீங்களா"ன்னு கேட்டேன். "எச்.ஆருக்குத் தெரிஞ்சு அப்ரைசல்ல கை வச்சுட்டா?" என்றார். ரகசியம் காப்பாத்துவோம்னு அந்த ஒப்பந்தத்துல இருக்குன்னு சொன்னாலும் நம்பறதா இல்லை. அவரும் கைக்காசு கொடுத்துத்தான் வெளியில போறார். இலவசமா கிடைச்சும் காசு கொடுக்கறவர்!

"காசு கொடுத்தாத்தான் மதிப்பு இருக்கும், ஓசியில கொடுத்தா ஒழுங்கா வரமாட்டாங்க"ன்னு ஒரு வாதம் ரொம்ப நாளா ஓடுது. இதுக்கு மூலபுருஷர் சாட்சாத் ஃபிராய்டே. 1913ல எழுதின ஒரு கட்டுரையில, நோயாளி தன் நேரத்தை குத்தகைக்கு எடுத்த மாதிரி, வந்தாலும் வராட்டாலும் காசு கொடுக்கணும்னு கறாரா சொல்றார். இலவசமா பாத்தா சிகிச்சைக்கே தடை வருதுன்னும் சொல்றார். இன்னிக்கும் கேன்சல் பண்ணினா ஃபீஸ் உண்டுன்னு போர்டு மாட்டறவங்களுக்கு அவர்தான் கொள்ளுத்தாத்தா. ஆனா அதே மனுஷர் 1918ல புடாபெஸ்ட் மாநாட்டுல பேசும்போது, ஏழைக்கு அறுவை சிகிச்சை எப்படி உரிமையோ அப்படி மன வைத்தியமும் உரிமைன்னு சமூகம் ஒரு நாள் உணரும், அப்போ இலவசமா கொடுக்க இடங்கள் வரும்னு பேசினார். ஆளுங்க சும்மா கேட்டுட்டுப் போகலை. 1920ல பெர்லின்லயும் 1922ல வியன்னாவுலயும் காசில்லாதவங்களுக்கும் பார்க்கற கிளினிக்குகளைத் திறந்துட்டாங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி! நம்ம ஆளுங்க 1913 ஃபிராய்டை மட்டும் கெட்டியா பிடிச்சிக்கிட்டாங்க.

இலவசமா கொடுத்தா வேலை செய்யாதுங்கறதுக்கு நேரடியான பதில் நம்ம நாட்டுலயே இருக்கு. கோவாவுல சங்கத்னு ஒரு அமைப்பு, 1996ல ஆரம்பிச்சது. அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவங்கள்ல மனச்சோர்வு அதிகமா இருந்த 495 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணினாங்க. ஒரு பாதிக்கு வழக்கமான வைத்தியத்தையே கொஞ்சம் மேம்படுத்திக் கொடுத்தாங்க. மறுபாதிக்கு அதோட பேச்சு சிகிச்சையும். கொடுத்தவங்க டாக்டர்கள் இல்லை, சைக்காலஜிஸ்டுகளும் இல்லை. அதுக்கு முன்னாடி மனநலத்துல எந்த அனுபவமும் இல்லாத உள்ளூர் ஆளுங்க, பயிற்சி எடுத்துக்கிட்டவங்க. ஆறுலேர்ந்து எட்டு செஷன். மூணு மாசம் கழிச்சுப் பாத்தா, பேச்சு சிகிச்சை எடுத்தவங்கள்ல 64 சதவீதம் பேர் மனச்சோர்வுலேர்ந்து மீண்டிருந்தாங்க. எடுக்காதவங்கள்ல 39 சதவீதம். 2017ல லான்செட் பத்திரிகையில வந்தது, கிராமத்துக் கதை இல்லை.

இதைப் படிச்சப்போ எனக்கு உடனே ஞாபகம் வந்தது நம்ம மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச திட்டம். பி.பி., சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து தர்றாங்க. பக்கவாதம் வந்து படுத்தவங்களுக்கு வீட்டுக்கே பிசியோதெரபி. எங்க தெருவுலயே ஒரு பாட்டிக்கு வாராவாரம் ஒரு பொண்ணு வந்து கையை மடக்கி நீட்டி விடறதைப் பாக்கறேன். பாட்டி திட்டிக்கிட்டே இருக்கும், அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே மடக்கும். கைக்கு வீட்டு வாசல்ல தெரபி தர முடியற அரசாங்கத்தால, பயத்துக்கும் சோர்வுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துல எட்டு செஷன் தர முடியாதா? கஷ்டமான கேஸை மேலே அனுப்பட்டும், படிச்ச சைக்காலஜிஸ்ட் அதைப் பாக்கட்டும். மாவட்ட மனநலத் திட்டம் ஏற்கெனவே இருக்கு, மாவட்ட ஆஸ்பத்திரிகள்ல மனநல டாக்டர்கள் இருக்காங்க. பேச்சு சிகிச்சைக்கு ஆள் போடறதுலதான் கஞ்சத்தனம். ஆள் இல்லாததால ஓ.பி.யில டாக்டர் மாத்திரை எழுதறதோட நிறுத்திக்கறார், அவர் மேல தப்பு சொல்ல முடியுமா, வெளியில நூறு பேர் நிக்கறாங்க.

இங்கிலாந்துல 2008ல இதை ஒரு பெரிய திட்டமா ஆரம்பிச்சாங்க. அதுக்கு வாதாடினவர்கள்ல ஒருத்தர் டாக்டரே இல்லை, ரிச்சர்ட் லேயார்ட்னு ஒரு பொருளாதார நிபுணர். மனுஷன் வேலைக்குத் திரும்பிட்டா, போட்ட காசு அரசாங்கத்துக்கே திரும்பிடும்னு கணக்கு போட்டுக் காட்டினார். (கணக்குப் பிள்ளைகளாலயும் உலகத்துக்கு உபகாரம் உண்டு, குறிச்சுக்கோங்க.) அங்கேயும் காத்திருப்புப் பட்டியல் இருக்கு, முணுமுணுப்பு இருக்கு. ஆனா பர்ஸ் காலியானதால பாதியில நிக்கறதில்லை.

நம்ம ஊர் நிலைமை எவ்வளவு மோசம்னு தெரியணும்னா, 2015-16ல நிம்ஹான்ஸ் 12 மாநிலங்கள்ல எடுத்த தேசிய மனநல ஆய்வைப் பாக்கலாம், தமிழ்நாடும் அதுல உண்டு. சிகிச்சை தேவைப்படறவங்கள்ல அது கிடைக்காதவங்க, வியாதியைப் பொறுத்து 70லேர்ந்து 92 சதவீதம். அதாவது தம்பி அதிர்ஷ்டசாலிப் பட்டியல்ல வர்றான். மூணு செஷனாவது பாத்தானே.

அரசாங்கம் செய்யற வரைக்கும் என்ன பண்றது? காசு கொடுத்துத்தான் ஆகணும். கொடுக்கறதுன்னா கண்ணைத் திறந்துக்கிட்டு கொடுப்போம்.

எங்க ஊர்க்காரர் ஒருத்தர் தன் பொண்ணை ஒரு "லைஃப் கோச் கவுன்சிலர்"கிட்ட கூட்டிட்டுப் போனார். முதல் நாளே பத்து செஷன் பேக்கேஜ், 20,000 ரூபாய், முன்பணம், திருப்பித் தர மாட்டாது. ரெண்டாவது செஷன்லயே அந்தப் பொண்ணு, "அவர் தன் கதையைத்தான்பா சொல்லிக்கிட்டு இருக்கார்"னு வர மாட்டேன்னுடுச்சு. பணம் போச்சு. விசாரிச்சா, அந்த ஆள் படிச்சது ரெண்டு வார சர்டிபிகேட் கோர்ஸ். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போட்டுக்கணும்னா இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல, அதாவது ஆர்.சி.ஐ.ல பதிவு இருக்கணும். பதிவு எண்ணைக் கேக்கலாம், தப்பே இல்லை. ஆனா வெறும் "கவுன்சிலர்", "தெரபிஸ்ட்"னு போர்டு மாட்டறவங்களைத் தடுக்க இத்தனை வருஷமா ஒழுங்கான வேலி இருந்ததில்லை. கவுன்சிலர்களையும் சேர்த்து 2021ல ஒரு சட்டம் போட்டிருக்காங்க. போர்டு எழுதறவர் அதைப் படிச்ச மாதிரி தெரியலை. புடவைக் கடையில பத்து ரூபாய்க்குப் பேரம் பேசற நாம, இங்கே மட்டும் விலை கேக்கக் கூச்சப்படறோம். அந்தக் கூச்சத்துலதான் இந்த மாதிரி ஆளுங்க பிழைக்கறாங்க.

தெரபிஸ்டுகளுக்கும் ஒரு விண்ணப்பம். முதல் போன்லயே விலையைச் சொல்லுங்க. "வாங்க, பேசிக்கலாம்" வேண்டாம். முதல் செஷன்லயே "மாசம் எவ்வளவு உங்களால முடியும்?"னு நீங்களே கேளுங்க, அவங்க கேக்க மாட்டாங்க. நாலு செஷன்தான் முடியும்னா, நாலுக்குள்ள எதை முடிக்கலாம்னு திட்டம் போடுங்க. வாரம் ஒண்ணை ரெண்டு வாரத்துக்கு ஒண்ணா ஆக்கலாம். நான் மேலே சொன்ன அந்தம்மா நாலு இடத்துல ஒண்ணை 400 ரூபாய்க்கு ஒதுக்கி வச்சிருக்காங்க, யாருக்குன்னு அவங்களுக்கும் வர்றவருக்கும் மட்டும்தான் தெரியும். எனக்கு வரவுக் கணக்குல தெரியும், அது வேற விஷயம். இதைவிட முக்கியம், "பரவாயில்லை மேடம்"னு ஒருத்தர் திடீர்னு மூணாவது வாரம் சொன்னா நம்பிடாதீங்க. ஒரே ஒரு கேள்வி, "காசா?"ன்னு கேளுங்க. தம்பிகிட்ட யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பான்.

எல்லா தெரபிஸ்டும் பாதி ஃபீஸ்ல பாக்கணும்னு நான் சொல்லலை. தர்மத்தை வச்சு ஒரு ஊரோட வைத்தியத்தை ஓட்ட முடியாது. இன்ஷூரன்ஸும் அரசாங்கமும் கொடுக்க வேண்டியதை அந்தம்மா மட்டும் தன் பையிலிருந்து கொடுத்துக்கிட்டு இருக்கறது எனக்கு ஏத்துக்க முடியலை. பாலிசி புதுப்பிக்கும்போது "சைக்காலஜிஸ்ட் செஷனுக்கு உண்டா?"ன்னு ஒரு மெயில் தட்டுங்க. இல்லைன்னுதான் பதில் வரும். பரவாயில்லை, ஆயிரம் பேர் கேட்டா அடுத்த வருஷம் அவங்க விளம்பரத்துலயே அதைப் போடுவாங்க. வியாபாரிகள் அப்படித்தான்.

உடனே பேசணும், கையில காசே இல்லைன்னா 14416. மத்திய அரசோட டெலி மானஸ், 2022 அக்டோபர்லேர்ந்து இருக்கு, 24 மணி நேரமும், தமிழ்லயும் பேசலாம், இலவசம். அது முழு சிகிச்சைக்கு ஈடு இல்லை, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு எடுக்கறாங்க. சித்தியைத் தவிர அந்த நேரத்துக்கு வேற யார் எடுப்பாங்க?

இப்போ உங்க பக்கம். உங்க ஊர்ல ஒரு செஷனுக்கு எவ்வளவு வாங்கறாங்க, எத்தனை செஷன் போனீங்க, ஏன் நிறுத்தினீங்க.. பேர் போடாமலேயே பின்னூட்டத்துல எழுதுங்க. மதுரை, கோவை, நெல்லை, சேலம் எல்லாம் வரட்டும். தெரபிஸ்ட் பேரோ கிளினிக் பேரோ வேண்டாம், ஊரும் தொகையும் போதும். இருபது முப்பது வந்தா வரிசைப்படுத்தி அடுத்த பதிவுல போடறேன்.

டிஸ்கி: பரிகாரத்துக்குப் போன வேன்ல சித்தி எனக்குப் பக்கத்து சீட்டு. 1,500 ரூபாய் பத்தி முசிறி வரைக்கும் பேசினாங்க. ஓசியில.